சக்கரத்தின் மேல் ஒரு வீடு: கிளென் கர்ட்டிஸின் வாழ்வும் ஒரு விலைக் கணக்கும்

அம்பத்தூர் தொழிற்பேட்டை 1964-ஆம் ஆண்டில் தோன்றிய நாள்முதல் நம் மேற்குப் புறநகர்ச் சாலைகளுக்கு லாரிகளே உயிர்நாடி. இன்று அச்சாலைகளில் கன்டெய்னர் பெட்டிகளைச் சுமந்த நீண்ட டிரெய்லர்கள் செல்வதை நாம் நாள்தோறும் காண்கிறோம். ஆவடித் தொழிற்சாலையின் டாங்கிகளும் அத்தகைய டிரெய்லர்களின் மேலேறித்தான் நெடுந்தொலைவு போகின்றன. முன்னால் இழுக்கும் வண்டி வேறு. பின்னால் வரும் சுமை வண்டி வேறு. இரண்டையும் பிணைப்பது, இழுவை வண்டியின் பின்னச்சுக்கு மேலே படுக்கைவாட்டில் கிடக்கும் ஒரு வட்டத் தட்டு. டிரெய்லரின் அடியிலுள்ள இரண்டு அங்குலக் கிங் பின் அதில் வந்து பூட்டிக்கொள்கிறது. ஓட்டுநர்கள் அதனை ஃபிஃப்த் வீல், அதாவது ஐந்தாவது சக்கரம் என்று அழைக்கிறார்கள். நான்கு சக்கரக் குதிரைவண்டியின் முன்னச்சு திரும்புவதற்காக அதன்மேல் படுக்கவைத்த வளையத்திலிருந்து பிறந்த பெயர் அது.

பூந்தமல்லியை அடுத்த படப்பிடிப்புத் தளங்களின் பக்கம் சென்றால் மற்றொரு காட்சி. கட்டில், கண்ணாடி, குளிரூட்டி, குளியலறை எல்லாம் கொண்ட கேரவன்கள் நடிகர்களுக்காகக் காத்து நிற்கும்.

அம்பத்தூரின் இணைப்பையும் பூந்தமல்லியின் வீட்டையும் ஒன்று சேர்த்தால் கிடைப்பதுதான், அமெரிக்காவில் ஐந்தாவது சக்கர வீட்டு வண்டி எனப்படுவது. அங்கே ஓய்வு பெற்றவர்கள் பலர் அத்தகைய வண்டியிலேயே மாதக்கணக்கில் வாழ்கின்றனர். சாதாரண வண்டி போதுமா, அல்லது உயர்தர வண்டிக்குக் கூடுதலாகப் பணம் கொடுப்பது தகுமா என்பது அவர்களிடையே ஓயாத கேள்வி. நமக்கும் இது அந்நியமான கேள்வி அன்று. வீட்டுப் பத்திரத்தை அடகு வைத்துச் சரக்கு டிரெய்லர் வாங்கும் ஒரு சிறு உரிமையாளரும், மலிவான கட்டுமானமா, விலை உயர்ந்த கட்டுமானமா என்று இதே தராசின் முன்தான் நிற்கிறார். அந்தத் தராசைச் சரியாகப் பிடிப்பதற்கு ஒரு மனிதரின் வாழ்க்கை உதவும் என்று நான் கருதுகிறேன். அவர் கிளென் கர்ட்டிஸ். உலகம் அவரை விமானத் துறையின் முன்னோடியாக அறியும். சாலையில் செல்லும் வீட்டுக்கு ஐந்தாவது சக்கர இணைப்பைத் தந்தவரும் அவரே என்பதை அறிந்தோர் குறைவு.

இளமை

நியூயார்க் மாநிலத்தில், ஏரிக்கரையில் திராட்சைத் தோட்டங்கள் சூழ்ந்த ஹேமண்ட்ஸ்போர்ட் என்னும் சிற்றூரில், 1878-ஆம் ஆண்டு மே திங்கள் 21-ஆம் நாள் கர்ட்டிஸ் பிறந்தார். நான்கு வயதிலேயே தந்தையை இழந்தார். தங்கை ரூத்தா நோயினால் செவிப்புலன் இழக்க, அவளைக் காது கேளாதோர் பள்ளியில் சேர்ப்பதற்காகக் குடும்பம் ராச்செஸ்டர் நகருக்குக் குடிபெயர்ந்தது. எட்டாம் வகுப்போடு கர்ட்டிஸின் பள்ளிப் படிப்பு முடிந்தது. பின்னாளில் கோடக் என்று புகழ் பெற்ற ஈஸ்ட்மன் புகைப்பட நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்த அச்சிறுவன், எண்களைப் பதிக்கும் வேலையை விரைவாக முடிக்க ஓர் எளிய சாதனத்தைச் செய்து காட்டினான். பிறகு சைக்கிளில் தந்தி கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை. அதிலிருந்து சைக்கிள் பந்தயம். பந்தயத்திலிருந்து சொந்தச் சைக்கிள் கடை.

சைக்கிளில் மோட்டார் பொருத்தலாம் என்று தோன்றியபோது அவரிடம் கார்புரேட்டர் இல்லை. தக்காளி அடைத்து வந்த தகர டப்பா ஒன்றையே கார்புரேட்டராக மாற்றினார். ஆனால் இயந்திரத்தின் உள்ளுறுப்புகளில் அவர் ஒருபோதும் சிக்கனம் பார்க்கவில்லை. எடை குறைய வேண்டும், வலிமை குறையக் கூடாது என்பதே அவர்தம் கொள்கை. 1907 ஜனவரியில், புளோரிடாவின் ஆர்மண்ட் கடற்கரையில், எட்டு உருளை இயந்திரம் பூட்டிய மோட்டார் சைக்கிளில் மணிக்கு 136 மைல், அதாவது ஏறத்தாழ 219 கிலோமீட்டர் வேகத்தில் பாய்ந்தார். அந்த வேகத்தில் அதுவரை எந்த மனிதனும் தரையில் சென்றதில்லை.

வானில்

எடை குறைந்த இயந்திரம் எங்கே கிடைக்கும் என்று தேடிக்கொண்டிருந்தவர்கள் பறக்க விரும்பியவர்களே. தொலைபேசி கண்ட அலெக்சாண்டர் கிரகாம் பெல் 1907-ஆம் ஆண்டில் ஓர் ஆய்வுக் குழுவை அமைத்துக் கர்ட்டிஸை அதில் சேர்த்துக்கொண்டார். குழுவின் செலவை ஏற்றவர் பெல்லின் மனைவியார் மேபல். 1908 ஜூலை 4-ஆம் நாள், ஜூன் பக் என்ற விமானத்தில் கர்ட்டிஸ் ஒன்றரைக் கிலோமீட்டர் பறந்து, ஒரு கிலோமீட்டருக்கென வைத்திருந்த பரிசுக் கோப்பையை வென்றார்.

அதே ஆண்டு செப்டம்பரில் அக்குழுவின் உறுப்பினரான தாமஸ் செல்ஃப்ரிட்ஜ், ஆர்வில் ரைட் ஓட்டிய விமானத்தில் பயணியாகச் சென்று உயிரிழந்தார். விசிறியின் ஓர் அலகு பிளந்ததே விபத்தின் தொடக்கம். சேதமடைந்த உறுப்பு ஒன்றே ஒன்று; அதன் விலை ஓர் உயிர். செலவு செய்ய வேண்டிய இடம் எது என்பதை விமானம் கட்டியோர் இப்படித்தான் கற்றனர்.

1909-இல் பிரான்சின் ரெய்ம்ஸ் நகரில் நடந்த உலக விமானப் பந்தயத்தில் கர்ட்டிஸ் வென்றார். 1910 மே 29 அன்று ஆல்பனியிலிருந்து நியூயார்க் வரை ஹட்சன் ஆற்றின் வழியே சுமார் 240 கிலோமீட்டர் பறந்து 10,000 டாலர் பரிசு பெற்றார். அதே 1910-இன் மார்ச் திங்களில் நம் சென்னையிலும், ஓட்டல் உரிமையாளரான டி ஆஞ்சலிஸ் என்பவர் சிம்ப்சன் கம்பெனியின் துணையோடு கட்டிய விமானம் பல்லாவரத்தில் பறந்தது என்பதை இங்கே நினைவுகூர்தல் தகும். 1911-இல் கர்ட்டிஸ் நீரிலிருந்து எழும் விமானத்தை ஓட்டிக் காட்டினார்.

புகழோடு வழக்கும் வந்தது. ரைட் சகோதரர்கள் தொடுத்த காப்புரிமை வழக்கு ஆண்டுக்கணக்கில் நீண்டு, 1914-இல் அவருக்கு எதிராகவே தீர்ப்பாயிற்று. 1917-இல் போர்த் தேவைக்காக எல்லாக் காப்புரிமைகளும் ஒரு பொதுக் குழுவில் சேர்க்கப்பட்டபோதுதான் அப்பூசல் ஓய்ந்தது. முதல் உலகப் போரில் அவருடைய ஜென்னி வகைப் பயிற்சி விமானங்கள் 6,000-க்கும் மேல் செய்யப்பட்டன. 1919-இல் அவருடைய நிறுவனம் கட்டிய என்.சி.-4 என்னும் கடல் விமானம் இடையிடையே இறங்கி அட்லாண்டிக் பெருங்கடலைக் கடந்தது. அப்படிக் கடந்த முதல் விமானம் அதுவே.

சாலையில்

வழக்குகளாலும் கம்பெனி நிர்வாகத்தாலும் களைத்த கர்ட்டிஸ், 1920-ஐ ஒட்டி விமானத் தொழிலிலிருந்து ஒதுங்கிப் புளோரிடா சென்றார். ஹயாலியா, மயாமி ஸ்பிரிங்ஸ், ஓபலாக்கா ஆகிய நகரங்கள் அங்கே அவருடைய முயற்சியால் எழுந்தன. காட்டுப் பயணங்களில் விருப்பமுள்ள அவர், ஒரே தாய் வயிற்றில் பிறந்த சகோதரரான கார்ல் ஆடம்ஸுடன் சேர்ந்து முன்பே ஒரு சிறு முகாம் வண்டியைச் செய்திருந்தார். இப்போது அதைவிடப் பெரிய எண்ணம் உதித்தது.

அக்காலத்து வீட்டு வண்டிகள் காரின் பின்முனையில் கொக்கி போட்டு இழுக்கப்பட்டன. அதில் இரண்டு குறைகள். சுமை பின்னச்சுக்கும் பின்னால் தொங்குவதால் காரின் பின்புறம் தாழ்ந்து, முன்புறம் இலேசாகிவிடும். அன்றியும், வேகம் கூடினால் வண்டி வாலாட்டத் தொடங்கும். கர்ட்டிஸ் இணைப்பைக் காரின் பின்முனையிலிருந்து எடுத்துப் பின்னச்சின் மேலேயே கொண்டுவந்து வைத்தார். அங்கே காற்றடைத்த டயர் ஒன்றைப் படுக்கைவாட்டில் பொருத்தி, வண்டியின் முன்மூக்கு அதன் நடுவில் அமரும்படி செய்தார். சாலையின் அதிர்ச்சியை அந்த டயரே வாங்கிக்கொண்டது. வண்டியின் உடலையோ விமானத்தைப் போலவே கட்டினார்: மெல்லிய மரச் சட்டங்கள், குறுக்கே இழுத்துக் கட்டிய கம்பிகள். 1920-களின் இறுதியில் வெளிவந்த அந்த ஏரோகார் இலேசானது, ஆடாதது, அழகானது. செல்வர்கள் மட்டுமே வாங்கத்தக்க விலையும் உடையது. உள்ளே படுக்கை, சமையலிடம் முதலிய வசதிகள் இருந்தன. செல்வர்கள் சுற்றுலாவுக்கும், விடுதிகள் விருந்தினரை ஏற்றிச் செல்லவும் அதனை வாங்கினர்.

1929-இல் கர்ட்டிஸின் பழைய நிறுவனமும் ரைட் பெயர் தாங்கிய நிறுவனமும் ஒன்றாகிக் கர்ட்டிஸ்-ரைட் ஆயின. நீதிமன்றத்தில் மோதிய இரு பெயர்கள் ஒரே பலகையில் சேர்ந்தன. அதே ஆண்டின் இறுதியில் பொருளாதார வீழ்ச்சி தொடங்கியது. 1930 ஜூலை 23-ஆம் நாள், குடல்வால் அறுவைச் சிகிச்சைக்குப் பின் பஃபலோ நகர மருத்துவமனையில் கர்ட்டிஸ் காலமானார். அவருக்கு வயது 52. அவர் பெயர் தாங்கிய விமானங்கள் பின்னும் பறந்தன. 1940-இல் பெங்களூரில் தொடங்கிய ஹிந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் தொழிற்சாலை ஆரம்ப ஆண்டுகளில் உருவாக்கிக் கொடுத்தவற்றில் கர்ட்டிஸ் ஹாக் விமானமும் ஒன்று. ஏரோகார் ஆடம்ஸின் பொறுப்பில் சில ஆண்டுகள் தொடர்ந்தது. ஆயினும் பஞ்ச காலத்துச் சாலைகளை நிரப்பியவை மலிவான, பின்கொக்கி வண்டிகளே.

விலைக் கணக்கு

இந்த வாழ்க்கையிலிருந்து நம் கேள்விக்கு மூன்று விடைகள் கிடைப்பதாக எனக்குத் தோன்றுகிறது.

முதலாவது, கூடுதல் பணம் எங்கே போகிறது என்று பார்க்க வேண்டும். தக்காளி டப்பாவில் கார்புரேட்டர் செய்தவர்தான் இயந்திரத்தின் உள்ளுறுப்பில் சிக்கனம் பார்க்காதவர். அச்சு, பிரேக்கு, சட்டம், இணைப்பு ஆகியவற்றில் போகும் கூடுதல் காசு ஓட்டுநரின் உயிரையும் எதிரே வருவோர் உயிரையும் காக்கும் காசு. பளபளக்கும் பலகையிலும் திரைச்சீலையிலும் போகும் காசு அத்தகையதன்று. விற்பவர் முதலில் காட்டுவது பெரும்பாலும் திரைச்சீலையைத்தான். வாங்குபவர் குனிந்து அடியில் பார்க்க வேண்டும்.

இரண்டாவது, எடை. கர்ட்டிஸின் உயர்தர வண்டி விலை கூடியது, ஆனால் இலேசானது. இன்று உயர்தரம் என்று விற்கப்படும் வீட்டு வண்டிகளில் பல, வசதிகள் ஏற ஏற எடையும் ஏறிச் செல்பவை. எடை கூடினால் இழுக்கும் வண்டியும் பெரிதாக வேண்டும். டீசல், டயர், பிரேக்கு எல்லாச் செலவும் கூடும். ஆகவே விலைச்சீட்டில் உள்ள தொகை முழுக் கணக்கு ஆகாது. சரக்கு டிரெய்லரில் இது இன்னும் தெளிவு. அனுமதிக்கப்பட்ட மொத்த எடைக்குள் வண்டியின் சொந்த எடை எவ்வளவு குறைகிறதோ, அவ்வளவு சரக்குக் கூடுதலாக ஏற்றலாம். நல்ல எஃகினால் எடை குறைத்துக் கட்டிய டிரெய்லருக்குக் கொடுக்கும் கூடுதல் விலை ஒவ்வொரு நடையிலும் திரும்பி வருகிறது.

மூன்றாவது, எத்தனை நாள் ஓடும் என்பது. உயர்தர வண்டிக்கு 10 லட்சம் ரூபாய் கூடுதல் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 200 நடை வீதம் 10 ஆண்டுகள் ஓடினால் நடை ஒன்றுக்குக் கூடுதல் செலவு 500 ரூபாய். ஆண்டுக்கு 10 நடைதான் என்றால், நடை ஒன்றுக்கு 10,000 ரூபாய். வட்டியைச் சேர்த்தால் இன்னும் மிகும். விருந்தினரை நாள்தோறும் ஏற்றிச் சென்ற விடுதிக்கு ஏரோகார் ஒரு முதலீடு. ஆண்டில் சில நாள் மட்டும் எடுத்துச் சென்ற செல்வருக்கு அது ஓர் ஆடம்பரம். வண்டி ஒன்றே, ஓட்டம் வேறு.

ஆகவே, அதிக நாள் ஓடும் வண்டியாகவும், கூடுதல் பணம் அடிச்சட்டத்திலும் இணைப்பிலும் இறங்கியதாகவும் இருந்தால் அவ்விலை தகும். கடன் வாங்கியேனும் கொடுக்கலாம். இவ்விரண்டில் ஒன்று குறைந்தாலும் எளிய வண்டியே போதும். மிச்சமாகும் பணத்தில் நல்ல டயரும் நல்ல பிரேக்கும் வாங்குவதே அறிவுடைமை.

ஏரோகாரின் திரைச்சீலைகளை இன்று யாரும் நினைப்பதில்லை. ஆனால் சுமையைப் பின்னச்சின் மேலே தாங்கும் கர்ட்டிஸின் முறையில்தான், ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு கழிந்த பின்னும், அமெரிக்கச் சாலைகளில் பெரிய வீட்டு வண்டிகள் ஓடுகின்றன. எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்ட ஒருவர், எங்கே செலவிட வேண்டும், எங்கே செலவிடக் கூடாது என்பதைத் தம் கைகளாலேயே கற்றுக்கொண்டார். பட்டம் பெற்றுத் தொழிற்பேட்டைகளுக்கு வேலை தேடிச் செல்லவிருக்கும் மாணவ நண்பர்கள் அந்தப் பாடத்தையும் உடன்கொண்டு செல்வார்களாக!