சொந்தமாக ரயில் இல்லை, கப்பல் இல்லை... ஆனாலும் உலகையே இணைத்தவர்! யார் இந்த தாமஸ் குக்?

கப்பல் சுற்றுலா விளம்பரத்தில் 'ரோம்' என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள். ஆனால், அந்தப் பெரிய கப்பல் ரோம் நகரத்துக்குள் வராது. அது நிற்பது சிவிட்டாவெக்கியா என்ற துறைமுகத்தில். ரோமில் இருந்து சுமார் 70, 80 கிலோமீட்டர் தள்ளி. விமானம் இறங்குவதோ ஃபியூமிசினோவில். அங்கிருந்து ஒரு ரயில் பிடித்து டிராஸ்டெவெரே ஸ்டேஷனில் இறங்கி, வேறு ரயில் மாறி, சிவிட்டாவெக்கியா போய், அங்கிருந்து பஸ்ஸில் துறைமுகத்துக்குப் போக வேண்டும்.

விமானம் ஓட்டுபவர் தன் வேலையைச் சரியாகச் செய்கிறார். கப்பல் கம்பெனியும் அப்படித்தான். ஆனால், நடுவில் ஒரு ரயில் லேட்டானால் என்ன ஆவது? கப்பல் காத்திருக்காது. இறங்கும் இடத்துக்கும் ஏறும் இடத்துக்கும் நடுவே இருக்கும் அந்த இடைவெளிக்கு யார் பொறுப்பு?

இந்தக் கேள்வியை 180 வருடங்களுக்கு முன்பே தன் தொழிலாக எடுத்துக்கொண்ட ஒரு மனிதர் இருந்தார். சொந்தமாக ஒரு ரயில்கூட இல்லாமல், கடல் தாண்டும் கப்பல் ஒன்றுகூட இல்லாமல், உலகம் முழுக்க ஆட்களைக் கூட்டிப்போனார். அவர்தான் தாமஸ் குக்.

தச்சராக ஆரம்பித்த வாழ்க்கை

இங்கிலாந்தின் டெர்பிஷைரில் மெல்போர்ன் என்ற ஊரில், 1808 நவம்பர் 22-ல் பிறந்தார் குக். சின்ன வயதிலேயே அப்பா இறந்துவிட்டார். 10 வயதில் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு, ஒரு நாளைக்கு ஒரு பென்னி கூலிக்குத் தோட்ட வேலைக்குப் போனார். பிறகு மாமாவிடம் மரவேலை கற்றுக்கொண்டார்.

இருபது வயதில் பாப்டிஸ்ட் சபையின் ஊழியராகி, கிராமம் கிராமமாகப் பிரசங்கம் செய்யப் புறப்பட்டார். 1829-ல் மட்டும் அவர் சுற்றிய தூரம் சுமார் 4,300 கிலோமீட்டர். அதில் சுமார் 3,400 கிலோமீட்டர் கால்நடையாக! வண்டி வசதி இல்லாத ஏழைக்குப் பயணம் என்றால் என்ன என்பது அவர் காலுக்கு நன்றாகத் தெரியும்.

ஒரு ஷில்லிங் ரயில்

குக் மதுவுக்கு எதிரான இயக்கத்தில் தீவிரமாக இருந்தவர். 1841 ஜூனில், லெஸ்டர் நகரில் நடந்த மதுவிலக்குக் கூட்டத்துக்காக மார்க்கெட் ஹார்பரோவில் இருந்து சுமார் 24 கிலோமீட்டர் நடந்தே போனார். வழியில்தான் அந்த யோசனை வந்தது. புதிதாக வந்திருக்கும் ரயிலை இந்த வேலைக்குப் பயன்படுத்தினால் என்ன?

ரயில் கம்பெனியிடம் பேசினார். 1841 ஜூலை 5-ம் தேதி, லெஸ்டரில் இருந்து லாஃப்பரோவுக்கு ஒரு சிறப்பு ரயில் கிளம்பியது. தூரம் 18 கிலோமீட்டர்தான். போய் வர ஒரு ஷில்லிங். கூரை இல்லாத பெட்டிகளில் சுமார் 500 பேர் போனார்கள். சாராயக் கடைக்குப் போகும் காசில் ஒரு நாள் வெளியூர் போய் வரலாம் என்று காட்டுவதுதான் அவர் நோக்கம். லாபம் பார்க்கும் எண்ணம் அப்போது அவருக்கு இல்லை.

ரயில் - கப்பல் - ரயில்: சொதப்பிய முயற்சி

1845-ல் முதல்முறையாக லாபத்துக்காக லிவர்பூல் பயணத்தை நடத்தினார். அது ஹிட். அடுத்த வருடமே ஸ்காட்லாந்து போகலாம் என்று முடிவு செய்தார்.

ஒரு சிக்கல். அப்போது இங்கிலாந்தில் இருந்து ஸ்காட்லாந்துக்கு நேரடி ரயில் பாதை இல்லை. அதனால் குக் ஒரு வழி கண்டுபிடித்தார். லெஸ்டரில் இருந்து ஃப்ளீட்வுட் துறைமுகம் வரை ரயில், அங்கிருந்து ஆர்ட்ரோசன் வரை நீராவிக் கப்பல், பிறகு கிளாஸ்கோவுக்கு மறுபடியும் ரயில். சுமார் 350 பேர் கிளம்பினார்கள்.

தாளில் அழகாக இருந்த திட்டம், தரையில் தடுமாறியது. பிரஸ்டன் ஸ்டேஷனில் தருவதாகச் சொன்ன டீ கிடைக்கவில்லை. கப்பலில் எல்லோருக்கும் அறை போதவில்லை. பலர் இரவு முழுக்க மேல்தளத்திலேயே கிடந்தார்கள். கிளாஸ்கோவில் பேண்டு வாத்தியத்தோடு வரவேற்பு கிடைத்தாலும், வழியில் பட்ட பாட்டை யாரும் மறக்கவில்லை. அதே 1846-ல் குக் திவாலானார்.

கவனித்துப் பார்த்தால், ரயில் ஓடியது, கப்பலும் ஓடியது. ஒன்றில் இருந்து இன்னொன்றுக்கு மாறும் இடத்தில்தான் பெரும்பாலும் உதை வாங்கினார். அந்த இடத்தைச் சரி செய்வதுதான் தன் வேலை என்பதை அடுத்த சில வருடங்களில் அவர் புரிந்துகொண்டார். 1851-ல் லண்டனில் மாபெரும் கண்காட்சி நடந்தபோது, 1.5 லட்சத்துக்கும் அதிகமானவர்களை அங்கே கூட்டிப்போய்க் காட்டினார். 17 வயது மகன் ஜான் மேசன் குக்கும் அதில் இறங்கி வேலை பார்த்தார்.

'ஒரே டிக்கெட்' எப்படி வேலை செய்தது?

அந்தக் காலத்தில் பிரிட்டனில் ஏகப்பட்ட தனியார் ரயில் கம்பெனிகள். ஒரு கம்பெனியின் டிக்கெட் இன்னொரு கம்பெனியின் பாதையில் செல்ல வேண்டுமென்றால், காசை யார் எவ்வளவு பிரித்துக்கொள்வது என்று கணக்கு வேண்டும். அதற்காகவே 1842-ல் லண்டனில் 'ரயில்வே கிளியரிங் ஹவுஸ்' என்ற பொது அமைப்பு தொடங்கப்பட்டது.

நேரமும் தலைவலிதான். ஆரம்பத்தில் ஊருக்கு ஊர் கடிகாரம் வேறு. 1840-களில்தான் ரயில்கள் மெல்ல மெல்ல லண்டன் நேரத்துக்கு மாறத் தொடங்கின. நாடு முழுக்க ஒரே நேரம் என்று சட்டம் வந்தது 1880-ல். கடிகாரமே ஒத்துப்போகாத காலத்தில் 'கனெக்‌ஷன்' பிடிப்பது எவ்வளவு கஷ்டம் என்று யோசித்துப் பாருங்கள்!

பிரிட்டன் ரயில்களுக்குள் நடந்த இந்த ஏற்பாட்டை, கடலுக்கும் மற்ற நாடுகளுக்கும் நீட்டினார் குக். ரயில் கம்பெனி, கப்பல் கம்பெனி ஒவ்வொன்றோடும் தனித்தனியாகப் பேசி ஒப்பந்தம் போட்டார். பயணியின் கையில் ஒரு சின்ன டிக்கெட் புத்தகம். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு கூப்பன். ரயிலில் ஒன்று கிழித்துக் கொடுக்க வேண்டும், கப்பலில் ஒன்று. கம்பெனிகள் பிறகு குக்கிடம் கணக்கு முடித்துக்கொள்ளும். மொழி தெரியாத ஊரில், கவுன்டருக்குக் கவுன்டர் அலைந்து பேரம் பேசும் வேலையே இல்லை.

1868-ல் ஓட்டல்களுக்கும் கூப்பன் வந்தது. 1874-ல், வெளிநாட்டில் காட்டிப் பணம் வாங்கிக்கொள்ளும் 'சர்க்குலர் நோட்' வந்தது. டிராவலர்ஸ் செக்கின் முன்னோடிகளில் இதுவும் ஒன்று.

கதவை மூடிய கம்பெனிகள்

இந்தத் தொழிலில் ஒரு பெரிய ஆபத்து இருந்தது. வண்டி அடுத்தவருடையது. அவர் மாட்டேன் என்றால் கதை முடிந்தது.

1855-ல் பாரிஸ் கண்காட்சிக்கு ஆட்களை அழைத்துப்போக நினைத்தார். பாரிஸுக்கு நேர்வழியில் கப்பல் விடும் கம்பெனிகள் சலுகை தர மறுத்தன. சரி என்று, ஹார்விச் துறைமுகத்தில் இருந்து ஆன்ட்வெர்ப் போய், பெல்ஜியம், ஜெர்மனி எல்லாம் சுற்றிக்கொண்டு பாரிஸ் சேர்ந்தார். பயணிகளுக்குச் சந்தோஷம். குக்குக்கு நஷ்டம்.

1862-ல் இன்னும் பெரிய அடி. அவருக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்த ஸ்காட்லாந்து ரயில் கம்பெனிகள், இனி குழு டிக்கெட் தர முடியாது என்று கைவிரித்தன. 16 வருடமாகக் கட்டி எழுப்பிய தொழில் ஒரே நாளில் ஆட்டம் கண்டது. குக் வேறு பக்கம் திரும்பினார். 1863-ல் லண்டன், நியூஹேவன், டியப், பாரிஸ், ஜெனீவா என்று ரயிலையும் கப்பலையும் கோத்து, ஆட்களை சுவிட்சர்லாந்துக்கு அழைத்துப்போனார். அந்தக் கூட்டத்தில் பெண்களும் இருந்தார்கள். தனியாக வெளிநாடு போவது நினைத்துக்கூடப் பார்க்க முடியாத காலத்தில், குக்கின் குழு அவர்களுக்குத் தைரியம் கொடுத்தது.

கேலிக்கும் குறைவில்லை. சாதாரண ஜனங்களும் இத்தாலிக்கு வந்து இறங்குவது மேட்டுக்குடிக்குப் பிடிக்கவில்லை. எழுத்தாளர் சார்லஸ் லீவர், குக்கின் பயணிகளை ஆஸ்திரேலியா ஏற்க மறுத்த கைதிகள் என்று நக்கலாக எழுதினார். குக் அதற்கு அச்சிலேயே பதிலடி கொடுத்தார். ஊர் பார்ப்பது பணக்காரர்களின் சொத்து இல்லை என்பதுதான் அவர் வாதம்.

222 நாளில் உலகம்

1869-ல் இரண்டு பெரிய விஷயங்கள் நடந்தன. அமெரிக்காவின் குறுக்கே ரயில் பாதை முடிந்தது. சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டது. 1870-ல் பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் இடையே ரயில் இணைப்பு வந்தது. உலகத்தைச் சுற்ற வேண்டிய கண்ணிகள் எல்லாம் தயார். கோக்க ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

1872 செப்டம்பரில் ஒரு சிறு குழுவோடு லிவர்பூலில் கப்பல் ஏறினார் குக். வயது 63. நியூயார்க்கில் இறங்கி ரயிலில் அமெரிக்காவைக் கடந்தார். சான் பிரான்சிஸ்கோவில் இருந்து கப்பலில் ஜப்பான், அடுத்து சீனா, சிங்கப்பூர், இலங்கை. இந்தியாவை ரயிலில் குறுக்காகக் கடந்து பம்பாய். அங்கிருந்து கப்பலில் எகிப்து. மொத்தம் 222 நாட்கள். 80 நாளில் உலகைச் சுற்றும் ஜூல்ஸ் வெர்னின் நாவல் பாரிஸ் பத்திரிகையில் தொடராக வந்துகொண்டிருந்தபோது, நிஜத்தில் ஒருவர் சுற்றிக்கொண்டிருந்தார்!

1873 மார்ச்சில் அவரது கம்பெனி ஐரோப்பிய ரயில், கப்பல் நேரங்களை ஒரே புத்தகத்தில் போட்டு வெளியிட்டது. எந்த ரயிலில் இறங்கினால் எந்தக் கப்பலைப் பிடிக்கலாம் என்று பயணியே பார்த்துக்கொள்ளலாம். 2013 வரை அந்தக் கம்பெனியே அதை வெளியிட்டது. பிறகு அதன் முன்னாள் ஊழியர்கள் எடுத்து நடத்தினார்கள்.

அப்பாவுக்கும் மகனுக்கும் தகராறு

குக்குக்குப் பயணம் பாதி ஊழியம், பாதி தொழில். மகன் ஜானுக்கு அது முழுக்கத் தொழில். ஏழைகளுக்கும் சபைக்கும் அப்பா வாரிக் கொடுப்பது மகனுக்குப் பிடிக்கவில்லை. 1870-களின் இறுதியில் சண்டை முற்றி, அப்பா தன் சொந்தக் கம்பெனியை விட்டே ஒதுங்கினார்.

மகன் கையில் கம்பெனி பெரிதாக வளர்ந்தது. ஆனால், அது பிரிட்டிஷ் பேரரசின் கைக்கருவியாகவும் ஆனது. 1884-ல் சூடான் போருக்காக 18,000 படைவீரர்களை நைல் நதி வழியே கொண்டுபோனது இதே கம்பெனிதான். 1880-களின் பிற்பகுதியில், இந்தியாவில் இருந்து ஹஜ் போகிறவர்களுக்கு ரயில், கப்பல் ஏற்பாடு செய்யும் வேலையையும் பிரிட்டிஷ் இந்திய அரசு இவர்களிடம் கொடுத்தது. அதில் லாபம் வரவில்லை. சில வருடங்களில் விலகிக்கொண்டார்கள்.

லெஸ்டர் வீட்டில் குக்கின் கடைசிக் காலம் சோகமானது. 1880-ல் மகள் ஆனி, குளியலறை கேஸ் ஹீட்டரின் புகையால் இறந்தார். 1884-ல் மனைவி மரியான் காலமானார். உலகத்துக்கு ஊர் காட்டியவருக்கு முதுமையில் பார்வை போனது. 1892 ஜூலை 18-ல், 83-வது வயதில் இறந்தார்.

பிறகு என்ன ஆனது?

1928-ல் பேரன்கள் கம்பெனியை விற்றுவிட்டார்கள். 1948-ல் அது பிரிட்டன் அரசின் கைக்குப் போனது. 1972-ல் மறுபடியும் தனியாருக்கு. பிற்காலத்தில் அது சொந்தமாக விமானங்களையே ஓட்டியது. குக்கிடம் இல்லாத வண்டி அதனிடம் இருந்தது. கடனும் இருந்தது.

2019 செப்டம்பர் 23-ல் கம்பெனி மூழ்கியது. (இந்தியாவில் இதே பெயரில் இயங்குவது தனி நிறுவனம், அதற்குப் பாதிப்பில்லை.) வெளிநாடுகளில் மாட்டிக்கொண்ட 1.5 லட்சத்துக்கும் அதிகமான பிரிட்டன் பயணிகளை அரசு ஏற்பாடு செய்த விமானங்கள்தான் ஊர் கொண்டுவந்து சேர்த்தன. 1851-ல் குக் லண்டனுக்குக் கூட்டிப்போன கூட்டமும் கிட்டத்தட்ட இதே எண்ணிக்கைதான்.

இன்று டிக்கெட் எல்லாம் போனுக்குள் வந்துவிட்டது. ஆனால், தனித்தனியாக வாங்கிய டிக்கெட்டில் ஒன்று தவறினால், அடுத்ததற்கு யாரும் பொறுப்பேற்பதில்லை. டிக்கெட் புக் செய்யும்போது விலையைப் பார்ப்பதோடு, கனெக்‌ஷன் தவறினால் அடுத்த வண்டியில் யார் ஏற்றிவிடுவார்கள் என்பதையும் ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது. குக் விற்றது அந்தப் பொறுப்பைத்தான். லெஸ்டர் ரயில் நிலையத்துக்கு வெளியே, பெட்டியோடு நிற்கும் அவர் சிலையை இன்றும் பார்க்கலாம்.