மயக்கத்தை அளந்த மருத்துவர்

அருப்புக்கோட்டைக்கும் திருச்சுழிக்கும் இடைப்பட்ட வறண்ட நிலத்தில் கண்மாய் நீரே பயிருக்கு உயிர். மடை திறப்பவர் வயலின் ஈரத்தைப் பார்த்துப் பார்த்தே நீரை விடுவார். குறைந்தால் பயிர் வாடும், மிகுந்தால் அழுகும். அறுவை மருத்துவத்தில் ஊட்டப்பெறும் மயக்க மருந்தும் அத்தகையதே. குறைந்தால் நோயாளி கத்தியின் வலியை உணர்வார். மிகுந்தால் மூச்சு நின்றுவிடும். இவ்வளவினை ஆராய்ந்து வகுத்தோருள் முதன்மையானவர் ஜான் ஸ்நோ என்னும் ஆங்கில மருத்துவர்.

அவர் 1813ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 15ஆம் நாள் யார்க் நகரில் ஓர் ஏழைத் தொழிலாளியின் மூத்த மகனாகப் பிறந்தார். 14 வயதில் நியூகாசில் நகர மருத்துவர் ஒருவரிடம் தொழில் பயிலச் சேர்ந்தார். பின்னர் இலண்டன் சென்று பயின்று, 1844இல் உயர் மருத்துவப் பட்டம் பெற்றார். புலால் உண்ணாமையும் மது அருந்தாமையும் இளமையிலேயே அவர் மேற்கொண்ட நெறிகள்.

1846ஆம் ஆண்டு அக்டோபரில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஈதர் ஆவியால் ஒருவரை மயங்கச் செய்து, அவர் கழுத்துக் கட்டியை அறுத்தனர். அச்செய்தி விரைவில் இலண்டனை எட்டியது. ஆயினும் ஈதர் சிலரை மயக்கியது. சிலரை மயக்காது துன்புறுத்தியது. காரணம் யாதென ஸ்நோ ஆராய்ந்தார். வெப்பம் மிகுந்தால் ஈதர் மிகுதியாக ஆவியாகும்; குளிர்ந்தால் குறையும். ஆகவே ஒவ்வொரு வெப்பநிலையிலும் காற்றில் கலக்கும் ஆவியின் அளவைக் கணக்கிட்டு 1847இல் அட்டவணை வெளியிட்டார். மருந்துக் கலத்தை நீரில் அமர்த்தி, வெப்பம் மாறாது காக்கும் கருவியொன்றையும் அமைத்தார். விலங்குகளிடத்தும் தம்மிடத்துமே மருந்தைச் சோதித்தார்!

மயக்கத்தை ஐந்து படிகளாக அவர் பிரித்தார். நோயாளியின் மூச்சு, கண்ணின் அசைவு, தசைகளின் தளர்ச்சி ஆகியவற்றால் படியை அறிந்து, ஆவியைக் கூட்டியும் குறைத்தும் ஊட்டினார். இன்று இதே பணியைச் செய்யும் தானியங்கிக் கருவிகள் தோன்றியுள்ளன. சண்டிகரிலுள்ள மருத்துவ ஆராய்ச்சி நிலையத்தார் உருவாக்கிய கருவி அவற்றுள் ஒன்று. நெற்றியில் ஒட்டிய உணர்வான்கள் வழியே மூளையின் மின்னலைகளை அறிந்து, இரத்தக் குழாயில் செல்லும் மருந்தை அது தானே அளந்து செலுத்துகிறது. மருத்துவர் அருகிருந்து கண்காணிப்பார். ஸ்நோவிடம் அத்தகைய கருவி ஏது? கண்ணும் கையும் கணக்குமே அவருக்குத் துணை.

1848ஆம் ஆண்டு சனவரியில், நியூகாசிலுக்கு அருகில் 15 வயதுப் பெண்ணொருத்தி கால்விரல் நகத்தை அகற்றும்போது குளோரோபாரம் மூர்ந்து இறந்தாள். எளிய சிகிச்சை, இறந்ததோ நலமுடைய சிறுமி. நாடே அஞ்சியது. துணியில் தெளித்த குளோரோபாரத்தின் ஆவியில் எவ்வளவு உள்ளே சென்றது என்பதை அறிய வழியில்லாமையே இத்தகைய சாவுக்குக் காரணம் என்று ஸ்நோ விளக்கினார். காற்றில் அதன் பங்கு நூற்றுக்கு ஐந்தளவில் நிற்றல் வேண்டும் என்பது அவர் முடிவு.

1853இல் விக்டோரியா அரசியாரின் மகப்பேற்றின்போது குளோரோபாரம் ஊட்டியவர் அவரே. துணியைக் குறைகூறிய அவர், அன்று மடித்த கைக்குட்டையையே பயன்படுத்தினார் என்பது வியப்பு. ஆனால் சிறிது சிறிதாக அளந்தே 53 நிமிடங்கள் ஊட்டினார்.

வாந்திபேதி குடிநீரால் பரவுவதை 1854இல் இலண்டனில் அவர் மெய்ப்பித்த வரலாறு உலகறிந்தது. 1858இல் குளோரோபாரம் பற்றிய பெருநூலை எழுதிக்கொண்டிருந்தபோது நோயுற்று வீழ்ந்தார். சூன் 16ஆம் நாள் 45ஆம் வயதில் மறைந்தார். அந்நூலை அவ்வாண்டிலேயே நண்பர் வெளியிட்டார்.