சு. வித்தியானந்தன்

பேராசிரியர் சு. வித்தியானந்தன் (மே 8, 1924 – சனவரி 21, 1989) ஈழத்துத் தமிழறிஞர், நாடக நெறியாளர், கல்வியாளர். மட்டக்களப்புக் கிராமங்களில் விடிய விடிய ஆடப்பட்டு வந்த கூத்தைப் பல்கலைக்கழக மாணவர்களைக் கொண்டு நகர மேடைகளில் ஆடச் செய்தவர் என்ற வகையில் பெரிதும் அறியப்படுகிறார். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தரும் இவரே.

வாழ்க்கை

தெல்லிப்பழையை அடுத்த வீமன்காமத்தில் பிறந்தார். பல்கலைக்கழகத்தில் விபுலானந்த அடிகளும் க. கணபதிப்பிள்ளையும் இவருக்கு ஆசிரியர்களாக அமைந்தனர். பத்துப்பாட்டு பற்றிய ஆய்வுக்காக 1950 இல் இலண்டன் பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டம் பெற்றார் (தமிழ்நாட்டில் முனைவர் பட்டம் எனப்படுவதே இலங்கையில் கலாநிதிப் பட்டம்). இவரது தமிழர் சால்பு என்னும் நூல் 1954 இல் வெளிவந்தது. கணபதிப்பிள்ளை யாழ்ப்பாணப் பேச்சுத் தமிழில் எழுதிய நாடகங்களை மேடையேற்றியதே இவரது தொடக்க கால நாடகப் பணியாகும்.

கூத்தின் பக்கம் திரும்புதல்

பேராதனையில் இவருடன் பணியாற்றிய சிங்களப் பேராசிரியர் எதிரிவீர சரச்சந்திர 1956 இல் மனமே என்னும் நாடகத்தை அரங்கேற்றினார். நாடகம எனப்படும் சிங்களக் கூத்து வடிவத்தை அடியொற்றிய அந்நாடகம் சிங்கள அரங்கின் போக்கையே மாற்றிவிட்டது. நாடகமவோ தமிழ்க் கூத்திலிருந்து கிளைத்தது. மூல வடிவத்துக்கு உரிய தமிழரிடையே படித்தவர்கள் கூத்தைப் பாமரர் பொழுதுபோக்கு என ஒதுக்கியிருந்த காலம் அது.

இலங்கைக் கலைக்கழகத்தின் தமிழ் நாடகக் குழுத் தலைவராகப் பொறுப்பேற்ற வித்தியானந்தன், மட்டக்களப்பு, மன்னார் முதலிய பகுதிகளுக்குச் சென்று அண்ணாவிமாரைச் சந்தித்தார். அண்ணாவியார் என்பவர் கூத்தைப் பழக்கி, மத்தளம் வாசித்து, களரியில் நின்று ஆட்டத்தை நடத்தும் ஆசான். மன்னார்ப் பகுதியின் எண்டிறிக்கு எம்பரதோர் நாடகம் உள்ளிட்ட ஏட்டுப் பிரதிகள் இவரது முயற்சியால் அச்சேறின.

கூத்து அடிப்படையில் காலால் ஆடப்படும் கலை. ஒவ்வொரு பாத்திரத்தின் வரவுக்கும் தனித் தாளக்கட்டு உண்டு; அரசன் வருகிறானா, வேடன் வருகிறானா என்பதைச் சதங்கை ஒலியைக் கேட்டே ஊரார் அறிந்துகொள்வர். மட்டக்களப்பில் வடமோடி, தென்மோடி என இரு மரபுகள் உள்ளன. போர்க் கதைகள் வடமோடிக்கு உரியன. சட்டம் கொடுத்தல் தொடங்கிச் சதங்கை அணிதல் வழியாக அரங்கேற்றம் வரை பயிற்சி மாதக்கணக்கில் நீளும். நான்கு புறமும் மக்கள் சூழ்ந்திருக்கும் வட்டக் களரியே இதன் அரங்கு.

கர்ணன் போர் முதல் இராவணேசன் வரை

1962 இல் கர்ணன் போர் என்னும் வடமோடிக் கூத்து பேராதனை மாணவர்களால் ஆடப்பட்டது. வந்தாறுமூலை செல்லையா அண்ணாவியார் ஆட்டம் பழக்கினார். பட்டம் எதுவும் இல்லாத ஒரு கிராமத்துக் கலைஞர் பல்கலைக்கழகத்தில் ஆசானாக நின்றார் என்பது அக்காலத்தில் சிறிய செய்தியன்று. வித்தியானந்தன் இரவு முழுதும் நீளும் கூத்தை ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்துக்குச் சுருக்கினார். திரும்பத் திரும்ப வரும் பாடல்களைக் குறைத்து, ஒளியமைப்பையும் முகபாவத்தையும் சேர்த்தார். தாளக்கட்டுகளை மட்டும் விடவில்லை. அடுத்த ஆண்டு தென்மோடியில் நொண்டி நாடகம் வந்தது.

1960களின் நடுப்பகுதியில் மேடையேறிய இராவணேசன் இவற்றினின்றும் வேறுபட்டது. பழைய பிரதியைச் சுருக்காமல் புதிதாக எழுதப்பட்ட கூத்து அது. இவரது மாணவர் சி. மௌனகுரு பிரதியை எழுதி இராவணனாகவும் ஆடினார். மைந்தனையும் தம்பியையும் இழந்தும் பணிய மறுக்கும் மன்னனின் அவலத்தை வடமோடி ஆட்டத்தாலேயே காட்ட இயலும் என்பதை இது மெய்ப்பித்தது. தொடர்ந்து வாலி வதை தயாரிக்கப்பட்டது. சென்னையில் தெருக்கூத்திலிருந்து நவீன நாடகத்துக்கு வழி தேடிய கூத்துப்பட்டறை 1977 இல் தான் தொடங்கப்பட்டது என்பதை இங்கு ஒப்பிட்டு நோக்கலாம்.

விமர்சனங்கள்

வட்டக் களரியில் ஆடியதை ஒரு பக்கம் மட்டும் திறந்த படச்சட்ட மேடைக்குள் அடைத்ததால் கூத்தின் சமூகச் சடங்குத் தன்மை இழக்கப்பட்டது என்பது இவர் பணி மீதான முதன்மையான குறை. சுற்றிச் சுழன்று ஆட வேண்டியவர் பார்வையாளரை நோக்கியே ஆட நேர்ந்ததால் ஆட்டக் கோலங்களும் மாறின. கூத்தை ஆடி வந்த சமூகங்களின் கையில் அது எவ்வாறு வளர வேண்டும் என்ற கேள்வி பின்னர் மட்டக்களப்பில் நீண்ட விவாதமாயிற்று. இக்குறை நியாயமானதே. எனினும் இவர் தயாரிப்புகள் இல்லையெனில் அவ்விவாதத்துக்கு இடமே ஏற்பட்டிருக்குமா என்பது ஐயம்.

யாழ்ப்பாணத்தில்

1974 சனவரியில் யாழ்ப்பாணத்தில் நடந்த நான்காவது அனைத்துலகத் தமிழாராய்ச்சி மாநாட்டுக்குத் தலைமை ஏற்றார். மாநாட்டைக் கொழும்பில் நடத்த வேண்டும் என்ற அரசின் விருப்பத்துக்கு அமைப்பாளர்கள் இணங்கவில்லை. இறுதி நாளில் காவல்துறையினரின் தலையீட்டின்போது பொதுமக்கள் பலர் உயிரிழந்தனர்.

1977 இல் யாழ்ப்பாண வளாகத் தலைவரானார். 1979 இல் அது தனிப் பல்கலைக்கழகமானதும் துணைவேந்தராகி 1988 வரை பணியாற்றினார். யாழ் நூலக எரிப்பு (1981), 1983 வன்முறை, 1987 அக்டோபரில் பல்கலைக்கழக வளாகத்திலேயே நடந்த போர் ஆகியவற்றுக்கு இடையே நிறுவனத்தை நடத்த வேண்டியிருந்தது. கூத்துக்குத் திரும்ப அவருக்கு நேரம் வாய்க்கவில்லை. ஆயினும் குழந்தை ம. சண்முகலிங்கம் எழுதி, க. சிதம்பரநாதன் நெறியாண்ட மண் சுமந்த மேனியர் 1985 இல் பல்கலைக்கழக மாணவர்களால் ஆடப்பட்டது இவர் துணைவேந்தராக இருந்த காலத்திலேயே.

ஓய்வுபெற்ற சில மாதங்களில் காலமானார். இராவணேசனை மௌனகுரு பின்னாளில் மட்டக்களப்பில் புதிய மாணவர்களைக் கொண்டு மீண்டும் தயாரித்தார்.