பிடில் மேதை கிராப்பெல்லி

சிற்பியின் கலை கல்லில் நிற்கும். ஓவியனின் கலை சுவரில் நிற்கும். புலவனின் கலை ஏட்டில் நிற்கும். இசைவாணனின் கலையோ காற்றில் எழுந்து காற்றிலேயே மறையும். அதிலும், எழுதிவைத்த குறிப்பின்றி, இசைக்கும் அப்பொழுதே புதிது புதிதாகக் கற்பித்து இசைப்பதை மறுகணம் எவராலும் மீட்டல் இயலாது. நம் நாட்டு இசைவாணர் இதனை மனோதர்மம் என்பர். அமெரிக்கக் கறுப்பின மக்களிடையே தோன்றிய ஜாஸ் இசைக்கும் இதுவே உயிர். அவ்விசையைப் பிடிலில் வாசித்து, இசைத்தட்டுகளின் வாயிலாக நிலைபெறச் செய்தவர் பிரெஞ்சு நாட்டு மேதை ஸ்டெபான் கிராப்பெல்லி.

இளமையும் வறுமையும்

கிராப்பெல்லி 1908 ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 26 ஆம் நாள் பாரிஸ் நகரில் பிறந்தார். தந்தையார் எர்னெஸ்டோ இத்தாலி நாட்டவர். கல்வி நிறைந்தும் செல்வம் நிறையாதவர். தாயார் மகனின் குழந்தைப் பருவத்திலேயே இயற்கை எய்தினார். 1914 இல் முதல் உலகப்போர் மூண்டது. தந்தையார் படைக்குச் செல்ல நேர்ந்தமையால், சிறுவர் முதலில் இசடோரா டங்கன் என்னும் புகழ்பெற்ற நடன நங்கையின் பள்ளியிலும், பின்னர் அநாதை விடுதியிலும் வளர்ந்தார். அவ்விடுதியில் வயிறார உணவில்லை. படுக்கக் கட்டிலும் இல்லை. போர் முடிந்து மீண்ட தந்தையார் மகனைத் தம்முடன் அழைத்துக்கொண்டார்.

பன்னிரண்டாம் வயதில் மகனின் கைக்கு ஒரு சிறிய பிடில் வந்தது. அதனை வாங்குவதற்காகத் தந்தையார் தம் உடையையே அடகு வைத்தார் என்பர். ஆசிரியருக்குக் கொடுக்கப் பொருளில்லை. எனவே, தெருவில் வாசிப்போரின் விரல்களை உற்றுநோக்கியே சிறுவர் பெரிதும் கற்றார். பின்னர்ப் பாரிஸ் இசைக்கல்லூரியிலும் சிலகாலம் பயின்றார். வீட்டு முற்றங்களில் நின்று வாசித்து, மாடியிலிருந்து எறியப்படும் காசுகளைப் பொறுக்கி வாழ்ந்ததும் உண்டு. பதினைந்து வயதளவில், பேசாப் படங்களுக்குப் பின்னணி வாசிக்கும் குழுவில் அமர்ந்தார். அமெரிக்க ஜாஸ் இசைத்தட்டுகளைக் கேட்டதும் அவர் உள்ளம் அதன்பாற் சென்றது.

அறுந்த நரம்பு

1934 இல் பாரிஸ் நகரின் கிளாரிட்ஜ் என்னும் விடுதியில் ஓர் இசைக்குழு வாசித்து வந்தது. ஒருநாள் கிராப்பெல்லியின் பிடிலில் நரம்பு ஒன்று அறுந்தது. புதிய நரம்பை மாட்டித் திரைமறைவில் சுருதி கூட்டியவர், ஏதோ ஒரு ஜாஸ் மெட்டை மெல்ல வாசித்துப் பார்த்தார். அருகிலிருந்த கித்தார்க் கலைஞர் ஜாங்கோ ரைன்ஹார்ட் உடனே அம்மெட்டில் இணைந்தார். அவ்விணைப்பு இருவருக்கும் இனித்தது. ஓய்வு நேரங்களிலெல்லாம் அவ்வாறே வாசிக்கலாயினர்.

ஜாங்கோ, ஊர் ஊராகச் செல்லும் ரோமா இனத்தவர். 1928 இல் அவர் வாழ்ந்த கூண்டு வண்டி தீப்பற்றியது. இடக்கையின் இரு விரல்கள் முடங்கின. எஞ்சிய விரல்களைக் கொண்டே புதுமுறை ஒன்றைக் கண்டு தேர்ந்தார். கிராப்பெல்லி காலந்தவறாதவர், ஜாங்கோவோ குறித்த நேரத்திற்கு வருவாரா என்பதே ஐயம். எனினும் இருவர் இசையும் ஒன்றையொன்று தேடின.

ஜாஸ் இசைக்கு முரசும் ஊதுகருவிகளும் இன்றியமையாதன என அக்காலத்தார் கருதினர். கிராப்பெல்லி அமர்ந்த ஐவர் குழுவிலோ அவை இல்லை. ஒரு பிடில், மூன்று கித்தார்கள், ஒரு பெரிய அடித்தொனி நரம்புக்கருவி ஆகிய ஐந்தே இருந்தன. இரு கித்தார்கள் தாளத்தைத் தாங்க, ஜாங்கோவும் கிராப்பெல்லியும் மாறி மாறிக் கற்பனையை விரித்தனர். 1934 டிசம்பரில் இக்குழுவின் முதல் இசைத்தட்டுகள் பதிவாயின. அந்நாளைய தட்டின் ஒரு பக்கத்தில் ஏறத்தாழ மூன்று நிமிட இசையே அடங்கும். அச்சிறு எல்லைக்குள் அவர்கள் நிறைத்துவைத்த இன்பம் நாடு கடந்து பரவிற்று.

பிரிவும் கூடலும்

1939 இல் இரண்டாம் உலகப்போர் மூண்டபோது குழுவினர் இலண்டனில் இருந்தனர். ஜாங்கோ பிரான்சுக்கு விரைந்தார். கிராப்பெல்லி இலண்டனிலேயே தங்கினார். ஆறு ஆண்டுகளுக்கு மேல் நண்பர் இருவரும் பிரிந்திருந்தனர். 1946 இல் மீண்டும் சந்தித்தபொழுது, பேச்சை விடுத்துக் கருவிகளை எடுத்துத் தம் தாய்நாட்டுப் பண்ணை இசைத்தனர் என்பர். அப்பண்ணின் மெட்டும் அவ்வாண்டு அவர்களால் இசைத்தட்டில் ஏறியது. 1949 இல் உரோமாபுரியில் அறுபதுக்கு மேற்பட்ட பாடல்களை இருவரும் பதிவு செய்தனர். 1953 இல் ஜாங்கோ தம் நாற்பத்து மூன்றாம் வயதில் காலமானார்.

முதுமையில் மலர்ந்த புகழ்

அதன்பின் கிராப்பெல்லியின் புகழ் மங்கியது. 1960-களின் பிற்பகுதியில் அவர் பாரிஸ் விடுதியொன்றில், உண்போருக்கு இடையே வாசித்து வந்தார். செவிசாய்த்தோர் சிலரே. ஆயினும் அவர் சலியாமல் வாசித்தார். 1973 இல் இங்கிலாந்தில் கேம்பிரிட்சு இசைவிழாவில், மீண்டும் கித்தார்கள் சூழ மேடையேறினார். அப்போது அவருக்கு வயது அறுபத்தைந்து. இளைஞர் கூட்டம் அவரைக் கொண்டாடியது. அன்று தொடங்கிய புகழ் இறுதிவரை குன்றவில்லை.

எழுதிய இசையில் ஈடற்ற பிடில் மேதையான யெகுதி மெனுயின் அவருடன் இணைந்து பல இசைத்தட்டுகள் வெளியிட்டார். மெனுயின் வாசிக்க வேண்டியவை பெரும்பாலும் எழுதித் தரப்பட்டன. கிராப்பெல்லியோ ஏடின்றி வாசித்தார். நம் கருநாடக இசையில் வல்ல எல். சுப்பிரமணியமும் அவரும் சேர்ந்து ‘உரையாடல்கள்’ என்று பொருள்படும் தலைப்பில் ஓர் இசைத்தட்டு அளித்தனர். இருவேறு மரபினர் பிடிலால் உரையாடிய விந்தை அது.

1975 இல் பிங்க் பிளாய்டு என்னும் ஆங்கிலக் குழுவின் பாடல் ஒன்றுக்கும் அவர் வாசித்தார். வெளிவந்த இசைத்தட்டில் அவரது பிடில் ஒலி கேளாத அளவு அடங்கிவிட்டது, பெயரும் இடம்பெறவில்லை. அவ்வொலி முழுமையாய் அமைந்த பதிவு 2011 இல் வெளியாயிற்று. அதற்குப் பதினான்கு ஆண்டுகள் முன்னரே, 1997 டிசம்பர் முதல் நாள், கிராப்பெல்லி தம் எண்பத்தொன்பதாம் வயதில் மறைந்திருந்தார்.

மாணவர்களே, இளமையில் பசியும், இடைவயதில் நண்பரின் பிரிவும், பின்னர் உலகின் மறதியும் அவரை வருத்தின. எனினும் அவர்தம் இசையில் கசப்பு சிறிதும் கலக்கவில்லை. கேட்போர் பலராயினும் சிலராயினும், தம் தொழிலை அவர் ஒரே அன்போடு செய்தார். காற்றில் மறையவேண்டிய அந்த இசை, இன்றும் ஊசி தட்டைத் தொட்டதும் உயிர்பெற்று எழுகின்றது. அதனைக் கேட்கும்போது, வாசிப்பவர் முகத்தில் அரும்பிய புன்னகையும் நம் உள்ளத்திற்குப் புலனாகும்.