யார் இந்த ஃப்ரீடல் டிக்கர்? நாஜி முகாமில் குழந்தைகளுக்கு ஓவியம் கற்றுக்கொடுத்த ஆசிரியை

போர், வன்முறை, இழப்பு போன்றவற்றைப் பார்த்த குழந்தைகள் பல நேரம் வாய் திறந்து பேச மாட்டார்கள். அப்படிப்பட்ட குழந்தைகளிடம் காகிதமும் கலர் பென்சிலும் கொடுத்து வரைய விடுவது இன்று உலகம் முழுக்க நடக்கிறது. இதை ஆர்ட் தெரபி, அதாவது ஓவிய சிகிச்சை என்கிறார்கள். இந்தத் துறை வளர வித்திட்டவர்களில் ஒருவர் ஃப்ரீடல் டிக்கர் பிராண்டெய்ஸ். அவர் வகுப்பு எடுத்த இடம் நாஜிக்களின் முகாம்.

காகிதக் கடை ஊழியரின் மகள்

1898-ம் ஆண்டு ஜூலை 30-ம் தேதி ஆஸ்திரியாவின் வியன்னா நகரில் ஏழை யூதக் குடும்பத்தில் பிறந்தார் ஃப்ரீடல். சின்ன வயதிலேயே அம்மா இறந்துவிட்டார். அப்பாவுக்கு காகிதம், எழுதுபொருள் விற்கும் கடையில் வேலை. அதனால் வரைவதற்கான பொருட்கள் ஃப்ரீடலுக்கு சிறுவயதிலேயே பழக்கமாகின.

பிறகு ஜெர்மனியின் வைமர் நகரில் தொடங்கப்பட்ட புகழ்பெற்ற பௌஹவுஸ் கலைப் பள்ளியில் 1919 முதல் 1923 வரை படித்தார். அங்கே யோஹன்னஸ் இட்டன் என்ற ஆசிரியர், வரையும் முன் மூச்சையும் உடலையும் தளர்த்தும் பயிற்சி கொடுப்பார். அந்தப் பாடம் ஃப்ரீடலுக்குக் கடைசி வரை கைகொடுத்தது.

படிப்பு முடிந்ததும் நண்பர் ஃபிரான்ஸ் சிங்கருடன் சேர்ந்து வீடுகள், நாற்காலி மேசைகள், வியன்னாவில் ஒரு மாண்டிசோரி மழலையர் பள்ளி என்று வடிவமைத்தார். தொழில் நன்றாகவே போனது. ஆனா அரசியல் சும்மா இருக்கவில்லை.

கைதும் பிராக் வாழ்க்கையும்

பாசிசத்துக்கு எதிராக போஸ்டர்கள் செய்த ஃப்ரீடல், கம்யூனிஸ்ட் செயல்பாடுகளுக்காக 1934-ல் கைது செய்யப்பட்டார். விடுதலையானதும் செக்கோஸ்லோவாகியாவின் பிராக் நகருக்குப் போனார். ஹிட்லர் ஆட்சியால் ஊரை விட்டு ஓடிவந்த குடும்பங்களின் குழந்தைகளுக்கு அங்கே ஓவியம் கற்றுக்கொடுத்தார். எடித் கிராமர் என்ற இளம்பெண் கூடவே இருந்து உதவினார். இந்தப் பெயர் பின்னால் மறுபடி வரும்.

1936-ல் பாவெல் பிராண்டெய்ஸை திருமணம் செய்துகொண்டார். பாலஸ்தீனத்துக்குத் தப்பிப்போக விசா கிடைத்தும் கணவரை விட்டுப் போக அவருக்கு மனம் வரவில்லை.

50 கிலோவில் என்ன எடுத்துப் போனார்?

1942 டிசம்பரில் இருவரையும் டெரெசின் முகாமுக்கு அனுப்பினார்கள். ஒருவர் 50 கிலோ வரைதான் பொருள் எடுத்துப் போகலாம். ஃப்ரீடல் காகிதம், வண்ணம் என்று ஓவியப் பொருட்களாகப் பார்த்து எடுத்து வைத்தார்.

முகாமில் குழந்தைகளைப் பெற்றோரிடம் இருந்து பிரித்து தனி விடுதிகளில் அடைத்திருந்தார்கள். பள்ளிப் பாடம் நடத்தத் தடை. வரைவதையும் பாடுவதையும் காவலர்கள் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. அந்த இடைவெளியை ஃப்ரீடல் பயன்படுத்திக்கொண்டார்.

கொண்டுவந்த காகிதம் தீர்ந்த பிறகு பழைய அலுவலகப் படிவங்கள், பொட்டலம் கட்டும் தாள் என்று கிடைத்ததை வைத்து சமாளித்தார்கள். பெரிய ஓவியர்களின் படங்களைக் காட்டி, கிழித்த காகிதத் துண்டுகளை ஒட்டி அதே மாதிரி செய்யச் சொல்வார். குழந்தைகள் பூ, வீடு, பட்டாம்பூச்சி வரைந்தார்கள். அடுக்குக் கட்டில்களையும் சாப்பாட்டு வரிசையையும் வரைந்தார்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் ஃப்ரீடல் கண்டிப்பானவர். ஒவ்வொரு படத்திலும் குழந்தை தன் பெயரை எழுத வேண்டும். முகாமுக்கு வந்தவர்களை நாஜிக்கள் எண்களாகப் பதிவு செய்த காலம் அது. அங்கே ஒரு குழந்தை தன் பெயரை எழுதி இது என் படம் என்று சொல்வது சின்ன விஷயம் இல்லை.

1943-ல் குழந்தைகளின் படங்களை முகாமிலேயே கண்காட்சியாக வைத்து, பெரியவர்களுக்கு ஒரு உரையும் நிகழ்த்தினார். குழந்தைகளை ஓவியர்களாக மாற்றுவது நோக்கம் அல்ல, அவர்கள் மனம் சுதந்திரமாக இயங்க இடம் தருவதே நோக்கம் என்பதுதான் அந்த உரையின் சாரம்.

இரண்டு சூட்கேஸ்கள்

1944 செப்டம்பர் கடைசியில் பாவெலை ஆஷ்விட்ஸுக்கு அனுப்பினார்கள். அவரோடு சேர்ந்துவிடலாம் என்ற நம்பிக்கையில், அடுத்து கிளம்பும் ரயிலில் போக ஃப்ரீடல் தானாகவே பெயர் கொடுத்தார். அக்டோபர் 6-ம் தேதி ரயில் கிளம்பியது. அக்டோபர் 9-ம் தேதி ஆஷ்விட்ஸில் கொல்லப்பட்டார். அப்போது அவருக்கு வயது 46. கணவர் பாவெல் உயிர் பிழைத்தார்.

கிளம்புவதற்கு முன் குழந்தைகளின் சுமார் 4,500 படங்களை இரண்டு சூட்கேஸ்களில் வைத்துவிட்டுப் போயிருந்தார் ஃப்ரீடல். போர் முடிந்ததும் 1945-ல், சிறுமிகள் விடுதியின் பொறுப்பாளராக இருந்த வில்லி குரோக் அவற்றை பிராக் யூத சமூகத்திடம் சேர்த்தார்.

படங்களில் இருந்த பெயர்களை வைத்துத்தான் வரைந்தவர்கள் யார் என்று அடையாளம் காண முடிந்தது. சுமார் 660 குழந்தைகளில் ஏறக்குறைய 550 பேர் கொல்லப்பட்டிருந்தார்கள். பலருக்கு இந்த உலகத்தில் மிஞ்சியது அந்த ஒரு தாள்தான்.

பிறகு என்ன ஆனது?

படங்கள் இன்று பிராக் யூத அருங்காட்சியகத்தின் பொறுப்பில் உள்ளன. உதவிக்கு இருந்த எடித் கிராமர் 1938-லேயே அமெரிக்கா போய்ச் சேர்ந்திருந்தார். பிராக்கில் ஃப்ரீடலிடம் கற்றதை நியூயார்க்கில் மனநலம் பாதிக்கப்பட்ட சிறுவர்களிடம் பயன்படுத்தினார். 1958-ல் அந்த அனுபவத்தைப் புத்தகமாக எழுதினார். ஓவிய சிகிச்சையின் முன்னோடிகளில் ஒருவராக அவரை உலகம் மதிக்கிறது.

ஃப்ரீடலால் அந்தக் குழந்தைகளின் உயிரைக் காப்பாற்ற முடியவில்லை. ஆனா உயிரோடு இருந்த நாட்களில் அவர்கள் குழந்தைகளாக இருக்க வழி செய்தார். பசியும் பயமும் சூழ்ந்த இடத்திலும் வரைவதும் விளையாடுவதும் ஒரு குழந்தையின் உரிமை என்பதை அவர் செய்து காட்டிவிட்டுப் போனார்.