பாலமேதை பாஸ்கல்

நம் பிள்ளைகள் பௌதிகப் பாடத்தில் பாஸ்கல் விதி என்று ஒன்றைப் படிக்கின்றனர். அவ்விதிக்குப் பெயர் தந்த பிளேஸ் பாஸ்கல், பிரெஞ்சு நாட்டின் கிளெர்மோன் நகரில் 1623 ஜூன் 19-ஆம் நாள் பிறந்தவர். ஆழ்ந்த கத்தோலிக்க விசுவாசி. மூன்று வயதில் தாயை இழந்த அச்சிறுவனைப் பள்ளிக்கு அனுப்பாமல், தந்தை எத்தியேன் தாமே கற்பித்து வளர்த்தார்.

இத்தந்தையின் முறை நம்மை வியக்க வைக்கிறது. மகனின் அறிவுக் கூர்மையைக் கண்டும் அவர் அவசரப்படவில்லை. 12 வயதுக்கு முன் இலத்தீன் இல்லை. 15 வயதாகும்வரை கணிதம் இல்லை. பாடம் எப்போதும் பிள்ளையின் சக்திக்குள் அடங்கவேண்டும் என்பது அவர்தம் கொள்கை. கணித நூல்களைப் பூட்டியே வைத்தார். நாமாக இருந்தால் ஏழு வயதிலேயே ஊரறிய மேடையேற்றி மாலை போட்டிருப்போம்! பையனோ 12-ஆம் வயதில், கரித்துண்டால் தரையில் கோடும் வட்டமும் வரைந்து, அவற்றின் பெயர்கூட அறியாமல் தானே பெயரிட்டு, முக்கோணத்தின் மூன்று கோணங்களும் சேர்ந்தால் இரண்டு செங்கோணமாகும் என்ற உண்மையை எட்டிவிட்டான். தமக்கை ஜில்பெர்த் இதை எழுதி வைத்துள்ளார். தந்தை கண்ணீர் மல்கினார். யூக்ளிட் நூலை எடுத்துக் கொடுத்தார். அதுவும் ஓய்வு நேரத்தில் படிப்பதற்குத்தான்! 1640-ல், 16 வயதில், கூம்பு வெட்டுகளைப் பற்றிய அவனது கட்டுரை அச்சேறியது.

நம் பார்வையில், பாஸ்கலை உருவாக்கியது அலுப்பூட்டும் வரிக்கணக்குதான். ரூவான் நகரில் வரி அதிகாரியாயிருந்த தந்தை ஓயாது கூட்டிக் கழிப்பதைக் கண்டு, 1642-ல் கணக்கிடும் இயந்திரம் ஒன்றைச் செய்யத் தொடங்கினார். யோசனை எளிதில் வந்தது. பல்சக்கரங்களோ எளிதில் பணியவில்லை. 50-க்கும் மேற்பட்ட மாதிரிகளைச் செய்து பார்த்தார். 18 வயது முதல் நோயில்லாத நாளை அறியாத உடம்பு அது! இத்தனை பாடுபட்டும், விலை அதிகமாதலால் இயந்திரம் மிகச் சிலவே விற்றது.

1654 நவம்பர் 23 இரவு பெற்ற இறையனுபவம் அவரை முழுதும் ஆட்கொண்டது. அவர் பரிந்து பேசிய ஜான்சேனியரின் போதனைகளைத் திருச்சபை கண்டித்ததுண்டு, அது தனிக்கதை. விசுவாசத்தைக் காக்கும் பெருநூலொன்றை எழுத முனைந்து, தோன்றியதைத் தாள்களில் குறித்து, வெட்டித் தலைப்புவாரியாக நூலில் கோத்து வைத்தார். நோய் முந்திக்கொண்டது.

1662-ல், தம் வீட்டில் இடங்கொடுத்திருந்த ஏழைக் குடும்பத்தின் பிள்ளைக்குப் பெரியம்மை கண்டது. பிள்ளையை அப்புறப்படுத்த மனமின்றி, நோயாளியான அவரே வெளியேறித் தமக்கை வீடு சேர்ந்தார். அங்கே பங்குக் குருவானவரிடம் தேவ நற்கருணை பெற்று, ஆகஸ்ட் 19 அன்று 39-ஆம் வயதில் கண்மூடினார். பாரிஸ் நகர்ப் புனித முடியப்பர் ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார். கோத்து வைத்த தாள்களை நண்பர்கள் ஒழுங்குபடுத்தி 1670-ல் ‘சிந்தனைகள்’ என்ற பெயரில் அச்சிட்டனர். 2023-ல், அவர் பிறந்த 400-ஆம் ஆண்டு நாளில், திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் பற்றித் தனி மடலே எழுதினார்.