சீர்காழி தந்த நூலகர்

சென்ற பருவத்தில் எனக்கு ஒரு சோதனை நேர்ந்தது. ஆய்வுக்கூடத்தின் பொதுக் கணினியில் இருந்த அளவீட்டு அட்டவணைகளை என் மேசைக் கணினியின் அக்ஸஸ் நிரலுக்குள் படியெடுத்து வைத்துக்கொண்டு கணக்குப் போட்டு வந்தேன். மூலத்தில் திருத்தங்கள் ஏறிக்கொண்டே இருந்தன. என் படியோ பழைய பாட்டையே பாடிக்கொண்டிருந்தது. மூன்று வார உழைப்பு வீணாயிற்று! அதன் பின்னரே, அட்டவணையை இருந்த இடத்திலேயே விட்டு, அதன் முகவரியை மட்டும் நிரலில் பதித்து, மாதிரி எண்ணைப் பொதுவாகக் கொண்டு என் அட்டவணையோடு இணைக்கக் கற்றேன். கற்ற அன்று என் நினைவுக்கு வந்தவர் எஸ். ஆர். இரங்கநாதன்.

நண்பர்களே, அவரும் நம்மைப்போல் அறிவியல் பயின்றவர்தாம். 1892இல் சீர்காழியில் பிறந்தார். சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் கணிதம் கற்று, மங்களூரிலும் கோவையிலும் சென்னையிலும் கற்பித்தார். 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். பேச்சுத் துணையற்ற அந்த வேலை சில நாள்களிலேயே கசந்துவிட, வகுப்பறைக்கே திரும்ப மன்றாடினாராம். இலண்டனில் பயின்று வந்தபின் முடிவு செய்யலாம் என்று அனுப்பி வைத்தார்கள். நல்ல வேளை!

இலண்டன் கடையொன்றில் மெக்கானோ என்னும் விளையாட்டுப் பொருளைக் கண்டார். சில பட்டைகள், சில திருகாணிகள். அவற்றைக்கொண்டே பாலமும் கட்டலாம், பாரந்தூக்கியும் செய்யலாம். அக்காலத்தில் பரவியிருந்த டூயி முறை, பொருள்களைப் பத்துப் பத்தாகப் பிரித்து முன்கூட்டியே இடம் ஒதுக்குவது. புதிய பொருள் பிறந்தால் திண்டாட்டம். இவர் வேறு வழி கண்டார். நுரையீரல் ஒரு பட்டியலில், காசநோய் வேறொரு பட்டியலில், சிகிச்சை மற்றொன்றில். மூன்றின் எண்களையும் குறியிட்டு இணைத்தால், நுரையீரல் காசநோய்ச் சிகிச்சை நூலுக்கு எண் பிறந்துவிடும். 1933இல் வெளிவந்த கோலன் பகுப்பு முறை இதுவே. தொடர்புத் தரவுத்தளம் பற்றி எட்கர் காட் எழுதிய கட்டுரை 1970இல்தான் வந்தது. இரண்டும் ஒன்றென்று நான் சாதிக்கமாட்டேன். ஆயினும் தனித்தனியே வைத்து, வேண்டும்போது இணைக்கும் எண்ணம் இரண்டிலும் உண்டு.

பின்னர்க் காசி, தில்லி, சூரிச் என்று அவர் வாழ்க்கை ஊர் ஊராய்ச் சென்றது. தம் சேமிப்பைச் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கே அளித்து, மனைவி சாரதா பெயரால் நூலகவியல் பேராசிரியர் பதவி ஏற்பட வழி செய்தார். எழுபதாம் வயதில், 1962இல், நாம் பிழைக்கவும் படிக்கவும் வந்த இதே பெங்களூரில், இந்தியப் புள்ளியியல் கழகத்தின் கீழ் ஆவணமாக்க ஆய்வு பயிற்சி மையத்தைத் தொடங்கினார். 1972இல் இவ்வூரிலேயே மறைந்தார்.

மைசூர் சாலையில் அம்மையம் இன்றும் இயங்குகிறது. தேர்வு முடிந்ததும் ஒரு நாள் போய்ப் பார்க்க இருக்கிறேன். உடன்வர விரும்புவோர் சொல்லுங்கள்; பேருந்தில் இடம் பிடித்து வைக்கிறேன்.